மலை இறங்குமுன் சாவியைத் திறந்து பாருங்கள்

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலை முக்கில் வாடகைக்கு வண்டி போட்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், பழனி ரோட்டுத் தோட்டங்களுக்கும் அடுக்கம் பக்கமும் சொந்தக் காரில் போய்வருகிறவர்களுக்கும், வீட்டில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருக்கும் அக்கா தங்கைகளுக்கும் இந்தக் கடிதம்.

ரிமோட் சாவியைப் பற்றி எழுதுகிறேன். ரேடியோ, மிக்ஸி, செல்போன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பழுது பார்க்கிற என் பெஞ்சுக்குக் கார் சாவி வருவது கடைசிக் கட்டத்தில்தான். அதற்குள் வண்டிக்காரர் வத்தலக்குண்டு வரை இறங்கிக் கேட்டிருப்பார். திண்டுக்கல்லில் யாரோ ஒருவர் “செட்டே மாத்தணும்ணே” என்று சொல்லியிருப்பார். ஒரு நாள் வாடகையும் போக வர டீசலும் போயிருக்கும். கூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே உயிர்விட்ட பட்டன் செல் ஒன்று படுத்திருக்கும். இல்லையென்றால் சர்க்யூட் தகடு பச்சை பூத்திருக்கும். ஏன் முதலிலேயே திறக்கவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “திறந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாமப் போயிருமாமே.”

அந்தப் பயத்தில் கால்வாசி நியாயம் இருக்கிறது. மீதி வீண். எது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் உங்களில் பலருக்கு மலை இறங்குகிற வேலை மிச்சம்.

ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு தனித்தனி சாமான்கள் குடியிருக்கின்றன. ஒன்று ரிமோட். பொத்தானை அமுக்கினால் கதவைத் திறக்கவும் பூட்டவும் அலைவரிசையில் செய்தி அனுப்புவது. நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். இதற்குச் செல் வேண்டும். இன்னொன்று சிப். எஞ்சின் ஸ்டார்ட் ஆக அனுமதி கொடுக்கிறது இதுதான். சாவி போடுகிற துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்த அலையை எழுப்பும். சிப் அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய கரண்ட்டை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். அதற்குச் செல் தேவையில்லை. செல்லைக் கழற்றி ஒரு வருஷம் மேசை மேல் போட்டுவைத்தாலும் சிப் தன் அடையாளத்தை மறக்காது.

ஆகவே செல் மாற்றினால் சாவி “அழிந்துவிடும்” என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தாத பேச்சு. சில பழைய மாடல்களில் செல்லைக் கழற்றி வெகுநேரம் வைத்துவிட்டால் கதவு ரிமோட் மட்டும் மறுபடி வண்டியோடு அறிமுகமாக வேண்டியிருக்கும். எஞ்சினுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நியாயமான பயம் வேறு ஒன்று: திறக்கும்போது அந்தச் சிப் கீழே விழுந்து தொலைந்துபோவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டும் தனித்தனி என்று தெரிந்துவிட்டால் எதையும் கழற்றாமலே பாதி விசாரணையை முடித்துவிடலாம். பொத்தானுக்குக் கதவு திறக்கவில்லை, ஆனால் இரும்புச் சாவியால் திறந்து உட்கார்ந்து திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது என்றால் சிப் நலம், ரிமோட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. வீட்டில் சரிசெய்யக்கூடிய கேஸ் இது. கதவு பொத்தானுக்குத் திறக்கிறது, எஞ்சின் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடுகிறது அல்லது ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறது என்றால் சிப்பையோ கம்பிச்சுருளையோ சந்தேகப்படுங்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது சாவியை எடுத்து அமுக்கிப் பாருங்கள். அதற்கும் கதவு அசையவில்லையென்றால் கோளாறு வண்டியில். இரண்டு சாவியும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். வண்டியின் பெரிய பேட்டரி இறங்கியிருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். மார்கழிக் காலையில் பேட்டரி படுத்துக்கிடக்க, சாவியைத் திட்டிக்கொண்டு நிற்கிறவர்களை நம் முக்கிலேயே பார்க்கலாம். உள்விளக்கு மங்கலாக எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

குளிரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. காலை ஆறு மணிக்குப் பொத்தானுக்கு மசியாத வண்டி பத்து மணி வெயிலில் சட்டென்று திறந்துகொள்ளும். “பனி உள்ளே போயிருச்சு, காஞ்சதும் சரியாப்போச்சு” என்று விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் பனியின் வேலை கிடையாது. பட்டன் செல்லுக்குள் நடக்கிற ரசாயன வேலை குளிரில் மந்தமாகிறது. செல்லின் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகக் காட்டும்; ரிமோட் செய்தி அனுப்ப ஒரு கணம் கரண்ட் இழுக்கும்போது பொத்தென்று விழுந்துவிடும். வெயில் பட்டதும் மறுபடி தெம்பு வரும். காலையில் முரண்டு பிடித்துப் பகலில் வேலை செய்கிற சாவி, “என் செல்லை மாற்று” என்று சொல்கிற சாவி. இன்னும் சில வாரத்தில் பகலிலும் நின்றுவிடும். அது சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட நம்பிக்கை.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. செல்லைத் தனியாக எடுத்து அளந்தால் 2.9 வோல்ட் காட்டும். நல்லதுதான் என்று திருப்பிப் போட்டுவிடுவீர்கள். தகட்டில் இருக்கும்போது மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிப் பாருங்கள். முள்ளோ எண்ணோ சரசரவென்று இறங்கினால் அந்தச் செல் முடிந்தது. புதுச் செல் 3 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தனியாக அளக்கும்போதே 2.8-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

இனி திறப்பது. அவசரமில்லாத நேரம், வெளிச்சமான இடம், கீழே வெள்ளைத்துணி. துணி எதற்கென்றால் விழுகிற சாமான் உருண்டு ஓடாமல் இருக்க. மடக்குச் சாவியாக இருந்தால் அலகை நீட்டிவிட்டு வளையம் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் தடவிப் பாருங்கள், நகம் நுழைகிற ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருகினால் கூடு இரண்டாகப் பிரியும். பள்ளம் தென்படாவிட்டால் கம்பெனி முத்திரைக்கு அடியிலோ பின்பக்கமோ சிறு திருகாணி ஒளிந்திருக்கலாம். ஸ்டார்ட் பொத்தான் வைத்த வண்டிகளின் சாவியில் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் உண்டு. அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வெளிவரும். அது வந்த இடத்திலிருந்துதான் கூட்டை நெம்ப வேண்டும். காய்கறிக் கத்தியை ஆழமாக விட்டுத் திருகாதீர்கள். கத்தி முனை தகட்டிலிருக்கும் கடுகளவுச் சாமானைப் பெயர்த்துவிட்டால் அப்புறம் நான் சொல்வது எதுவும் பயன்படாது. கூடு பிரிந்ததும் ஒரு விரலையும் உள்ளே விடுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: செல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, ரப்பர் எப்படி உட்கார்ந்திருந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

சிப்பைத் தேடுங்கள். சில வண்டிகளில் தகட்டோடு ஒட்டியே இருக்கும், பிரச்சினையில்லை. பலவற்றில் தனித் துண்டு. கண்ணாடிக் குழாய் மாதிரியோ கறுப்புக் கட்டி மாதிரியோ நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கூட்டின் ஓரத்துக் குழியில் செருகியிருக்கும். பிளாஸ்டிக் குப்பை என்று நினைத்துத் தட்டிவிட்டால் கதவு திறக்கும், எஞ்சின் பிடிக்காது. கூடு உடைந்துபோனதால் இணையத்தில் புதுக்கூடு வாங்கி, தகட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். வண்டி வாசலில் நிற்கும். சிப் குப்பை லாரியில் போய்க்கொண்டிருக்கும். மேலே கால்வாசி நியாயம் என்று நான் சொன்ன பயம் இதுதான். பழைய கூட்டிலிருந்து சிப்பை எடுத்துப் புதுக்கூட்டில் செருகி, எஞ்சின் பிடித்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பழைய கூட்டைக் கழிக்க வேண்டும். கண்ணாடிச் சிப்பைக் குறடால் பிடிக்கக் கூடாது, நொறுங்கும்.

செல் வாங்கும்போது பழைய செல்லின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணே அளவு. சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் விட்டம் அதேதான், கனம் 2.5. 1620 என்றால் விட்டம் 16, கனம் 2. கடையில் 2032 இல்லை, 2025 போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். வோல்ட் ஒன்றுதான், உட்காரவும் செய்யும். ஆனால் கனம் குறைவு என்பதால் தகட்டில் செல்லைப் பிடிக்கிற உலோக நாக்கு அதைச் சரியாகத் தொடாது. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கக் குலுங்க ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. காகிதத்தை மடித்து அடியில் சொருகுவதெல்லாம் ஊர் வந்து சேரும்வரைக்கான வைத்தியம். டிராயரில் உதிரியாகக் கிடக்கிற செல்லையும் வாங்காதீர்கள். ஒன்றோடொன்று உரசி விற்பதற்கு முன்பே பாதி இறங்கியிருக்கும். அட்டையில் அடைத்து வருவதை, தேதி பார்த்து வாங்குங்கள்.

புதுச் செல் போட்டும் வேலை செய்யவில்லையென்றால் உடனே தகட்டின் மேல் பழி போடாதீர்கள். குழந்தைகள் விழுங்கக் கூடாது என்பதற்காகச் சில கம்பெனிகள் செல்லின் மேல் கசப்புப் பூச்சுப் பூசுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு சில சாதனங்களில் நாக்குக்கும் செல்லுக்கும் நடுவே நின்று கரண்ட்டைத் தடுத்துவிடும். ஆப்பிள் கம்பெனி தன் ஏர்டேக் கருவிக்கு இதைக் குறிப்பிட்டே எச்சரித்திருக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் செல்லின் முகத்தைத் துடைத்து, ஓரத்தைப் பிடித்துப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். வெள்ளி அருவிச் சாரலில் நின்று படம் எடுத்துவிட்டு நனைந்த ஜீன்ஸ் பையில் சாவியை வைத்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இ-பாஸ் இருக்கிறது, வண்டி பூட்டிக்கிடக்கிறது என்று கையைப் பிசைகிற கூட்டமும் நம்மிடம்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் சாவிகளுக்கும் அதே கதி. ஈரம் பட்டால் முதல் வேலை செல்லைக் கழற்றுவது. ஈரத்தைவிட, ஈரத்தோடு கரண்ட் ஓடுவதுதான் தகட்டை அரிக்கும். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை, அரிசித் தூசிதான் உள்ளே போகிறது. குளிர்காயும் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ரப்பர் சுருண்டுவிடும். கூட்டைப் பிரித்து, நிழலில், காற்றோட்டமாக ஒரு பகல் முழுக்க விடுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் போன் கடைகளில் ‘ஐ.பி.ஏ.’ என்று கேட்டால் கொடுக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்து மெதுவாகத் தேயுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பிளாஸ்டிக்கும் ரப்பரும் தாங்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தகட்டின் பூச்சு போய்விடும், அடுத்த மழையில் இரட்டிப்பாக அரிக்கும்.

செல் நல்லது, தகடு சுத்தம், அப்படியும் பேசவில்லை. இப்போது பொத்தான். இதைத்தான் எனக்கு விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் வாடகை வண்டிச் சாவிகளில் செல்லுக்கு அடுத்தபடி நான் பார்க்கிற நோய் இது. பூட்டு, திற, பூட்டு, திற என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை அமுக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டின் மேல் தெரிகிற ரப்பருக்கு அடியில், தகட்டில் ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதுதான் ‘கிளிக்’ என்று சத்தம் போடுகிறது. தகட்டை வெளியே எடுத்து, செல்லை விரலால் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்விட்சை நேராக நகத்தால் அமுக்குங்கள். வண்டி திறந்துகொண்டால் ஸ்விட்ச் நலம். மேலே இருக்கிற ரப்பரின் உள்முனை தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவே. ரப்பரின் உள்பக்கம் ஒரு துளி தடிமன் கூட்டினால் போதும், அல்லது கூடு மாற்றலாம். நகத்தால் அமுக்கியும் கிளிக் கேட்கவில்லை, அல்லது எருமை மாதிரி நாலு தடவை அமுக்கினால்தான் ஒரு தடவை பேசுகிறது என்றால் ஸ்விட்ச் முடிந்தது. அதன் விலை சில ரூபாய். போன் கடையில் ஹாட் ஏர் வைத்திருக்கிற எந்தத் தம்பியும் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பான். பூட்டுகிற பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை, திறக்கிற பொத்தான் நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் செல்லைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பொத்தான் பேசினாலே செல்லும் அலைவரிசையும் நலம் என்று அர்த்தம்.

சில பழைய சாவிகளில் ஸ்விட்ச் இருக்காது. டிவி ரிமோட்டில் இருப்பதுபோல ரப்பரின் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு. பொட்டு தேய்ந்தால் ஸ்பிரிட்டில் துடைத்துப் பாருங்கள். டிவி ரிமோட் என்றதும் ஒன்று. செல்போன் கேமரா முன்னால் ரிமோட்டை அமுக்கினால் ஒளி தெரியும் என்று ஒரு சோதனை உண்டல்லவா, அது டிவிக்கு மட்டும். அது அகச்சிவப்பு ஒளி. கார் சாவி பேசுவது ரேடியோ அலையில், எந்தக் கேமராவுக்கும் தெரியாது.

தட்டினால் வேலை செய்கிற சாவிகள் தனி ரகம். செல்லைப் பிடிக்கிற உலோக நாக்கு தகட்டோடு சேருகிற இடத்தில் ஈயம் முடியளவு விரிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் காலைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் தெரியும். சாவியைத் தரையில் போட்டுப் போட்டு வருகிற நோய் இது. ஈயத்தைத் திரும்ப உருக்கிவிட்டால் தீர்ந்தது. அதைச் செய்யும்போது செல் தகட்டில் இருக்கக் கூடாது. செல்லின் மேலேயே நேரடியாக ஈயம் வைக்கிற வீரமும் வேண்டாம், சூட்டில் வெடிக்கும்.

இத்தனையும் நன்றாக இருந்தும் வண்டி கண்டுகொள்ளவில்லை என்றால் சாவிக்கும் வண்டிக்கும் கணக்கு விட்டுப்போயிருக்கலாம். இந்தக் கணக்கின் கதை சுவையானது. ஆரம்பகால ரிமோட்கள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பின. திருடன் பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்து திருப்பி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். 1980-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் நானோடெக் என்ற கம்பெனியில் கிடியோன் குன் என்பவர் ‘கீலாக்’ என்ற முறையை வகுத்தார். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் எண் மாறும், வண்டியும் சாவியும் மட்டும் அந்த வரிசையை அறியும். 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி அதை வாங்கியது. உலகம் முழுக்க ஏராளமான கார்களும் கேட்டுகளும் அந்த முறையில் ஓடின. 2007-இல் பெல்ஜியத்திலும் இஸ்ரேலிலும் இருந்த ஆய்வாளர்கள் அதன் பூட்டை உடைத்துக் காட்டினார்கள், அது வேறு கதை.

நமக்கு வேண்டியது இது. வண்டி பக்கத்தில் இல்லாதபோது பொத்தான் அமுங்கினால் சாவியில் எண் முன்னே ஓடும், வண்டியில் ஓடாது. கீலாக் முறையில் 16 எண் வரை வித்தியாசம் இருந்தால் வண்டி தானே சரிசெய்துகொண்டு திறந்துவிடும். அதைத் தாண்டினால் ஒரு அமுக்கலுக்குத் திறக்காது. அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் வண்டி கணக்கைத் திருத்திக்கொள்ளும். வீட்டில் பேரப்பிள்ளை ஒரு மணி நேரம் சாவியை வைத்து விளையாடிய அன்று இப்படித்தான் ஆகும். வண்டிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக இரண்டு முறை அமுக்குங்கள். அப்படியும் இல்லையென்றால், பல மாடல்களில் சாவியைத் திருப்பி ‘ஆன்’ நிலையில் வைத்துப் பூட்டுப் பொத்தானைச் சில நொடி அமுக்கிப் பிடித்தால் மறுபடி இணங்கும். உங்கள் மாடலுக்கு உள்ள வரிசையை வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள்; அது டாஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்யாமல் நூறடி தள்ளிப் போனால் வேலை செய்கிறது என்றால் சாவியைத் திறக்கவே வேண்டாம். அதே 433 அலைவரிசையில் கம்பியில்லாக் கதவு மணி, தானியங்கிக் கேட் எல்லாம் பேசுகின்றன. அருகில் ஒன்று பழுதாகிச் சதா கத்திக்கொண்டிருந்தால் வண்டிக்கு உங்கள் சாவியின் குரல் கேட்காது. வானொலி டவரைக் கைகாட்டுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். கோடை பண்பலை பாடுவது 100.5-இல், உங்கள் சாவி பேசுவது 433-இல். டவரைத் திட்டுமுன் செல்லை மாற்றுங்கள்.

இந்த அலைவரிசை விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இணையத்தில் மலிவாக ஒரு ரிமோட் கிடைக்கும், பார்க்க அச்சுஅசல் உங்களுடையது மாதிரியே இருக்கும். அது அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 315 மெகாஹெர்ட்ஸ் ரகமாக இருந்தால் உங்கள் வண்டியோடு ஆயுளுக்கும் பேசாது. கூடு மட்டும் வாங்குவதில் அந்த ஆபத்து இல்லை.

வீட்டில் கைவைக்கக் கூடாத எல்லையும் உண்டு. புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது அதில் முதல். வண்டியின் ரகசிய எண்ணும் அதற்கான கருவியும் வேண்டும். முகம் தெரியாத ஒருவர் கருவியை மாட்டி அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றால், அவர் உங்களுக்கு ஒரு சாவி செய்கிறாரா இரண்டு செய்கிறாரா என்று உங்களால் பார்க்க முடியாது. கைவசம் ஒரு நல்ல சாவி இருக்கும்போது இன்னொன்று சேர்ப்பது ஒரு வேலை. இரண்டும் தொலைந்தபின் சேர்ப்பது அதைவிட நீண்ட, செலவு பிடித்த வேலை. ஆகவே ஒரு சாவி படுத்த உடனே பாருங்கள். இரண்டாவதும் படுக்கும்வரை ஓட்டாதீர்கள்.

கெட்ட சாவியைத் தூக்கி எறியாதீர்கள் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வண்டி திருடு போனால் காப்பீட்டுக் கம்பெனிகள் இரண்டு அசல் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று மட்டும் கொடுத்தால் “இன்னொன்று எங்கே, வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா” என்று ஆரம்பிப்பார்கள். வேலை செய்யாத சாவியானாலும் அது சாவிதான், பீரோவில் இருக்கட்டும். தொலைத்துவிட்டால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு. சிக்னல் கிடைக்காத ஒரு வளைவில், ஸ்டார்ட் பொத்தான் வண்டி “சாவி இல்லை” என்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் துவாரம் தெரியாவிட்டால் ஒரு சிறு மூடி இருக்கும், அதை நெம்புங்கள். திறந்ததும் அலாரம் அலறலாம், பதற வேண்டாம். சாவியின் முகத்தை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிவைத்து பிரேக்கை மிதித்தபடி அமுக்குங்கள். பல வண்டிகளில் இப்படிச் செய்தால் சிப் செல் இல்லாமலே தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். எஞ்சின் பிடித்ததும் அலாரமும் அடங்கும். சிலவற்றில் அந்த இடம் நடுவிலுள்ள பெட்டியிலோ கப் வைக்கிற குழியிலோ இருக்கும். இதை வெளியூர்க்காரருக்கு ஒரு முறை செய்து காட்டிப் பாருங்கள், மலை இறங்குகிறவரை உங்களைத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

இனிச் சொல்வது பழுதைவிட முக்கியம், அக்காமார் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கழற்றிப் போட்ட பட்டன் செல் குழந்தை கைக்குப் போகக் கூடாது. ரிமோட்டை ஓட்ட முடியாத அளவு இறங்கிய செல்லிலும் குழந்தையின் உணவுக்குழாயைச் சுடப் போதுமான கரண்ட் மிச்சம் இருக்கும். செல் உடைந்து ஒழுகவே வேண்டாம். ஈரமான சதையைத் தொட்டதும் கரண்ட் ஓடி அந்த இடத்திலேயே காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக வெந்துபோகும். அமெரிக்காவில் ரிமோட்டிலிருந்த செல்லை விழுங்கி இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரால் 2022-இல் ‘ரீஸ் சட்டம்’ கொண்டுவந்தார்கள். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே 108-ஐ அழைத்துக் கிளம்புங்கள். எக்ஸ்ரேயும், செல்லை வெளியே எடுக்கிற வசதியும் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். கொடைக்கானலில் காட்டிவிட்டுத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டி வரலாம், ஆகவே நேரத்தை வீணாக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. தேன் தவிர வேறு எதுவும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தலைநகர நச்சுத்தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல். தேன் நம் மலையில் எந்த வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிக்கொண்டு கிளம்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

தீர்ந்த செல்லைச் சோலைப் பக்கம் வீசுவதும் காயலான் கடையில் போடுவதும் வேண்டாம். கழிவு எங்கே போய்ச் சேரும் என்று கவலைப்படாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் மலைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில் உடைந்த தெர்மாமீட்டர்களும் பாதரசமும் குவிந்துகிடந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் அவற்றைக் கழித்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையே மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிவாரண ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 ஆயிற்று. லித்தியம் செல் பாதரசம் அளவுக்கு விஷமில்லை என்றாலும், பல செல்கள் ஒன்றாகக் கிடந்து உரசினால் தீப்பிடிக்கும். இரு முகத்திலும் டேப் ஒட்டி, மூடி இறுகிய மாத்திரை டப்பாவில் சேருங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய செல்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பவர்களின் பொறுப்பு. சமவெளிக்கு வேலையாக இறங்கும்போது செல் விற்ற கடைக்காரரிடமே கேட்டு நீட்டுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், பத்துப் பேர் கேட்டால் ஒரு பெட்டி வைப்பார்கள்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் ஒரு இணைய வாசலும் திறந்தது. அதில் வாகனங்களும் சேர்த்தி. உரிமை வந்து சேரும்போது சேரட்டும். அதற்குள் நம் முக்கில் ஒரு டப்பா வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் வண்டிகளின் சாவிகளில் என்னென்ன எண் செல் இருக்கிறது என்று பார்த்து அதில் இரண்டிரண்டு, ஒரு சிறு திருப்புளி, ஐ.பி.ஏ. புட்டி, பிரஷ், டேப். ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. யார் பொறுப்பில் வைப்பது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். டீக்கடை மேசையில் மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் பன் வாங்க வருகிறார்கள்.

இப்படிக்கு,
பெருமாள்மலை ரேடியோக் கடைக்காரன்